இரண்டாவது சுற்று

எங்கள் சலவைக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிற நீள மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்ததும், எல்லோரும் டப்பாக்களைத் திறந்து கைமாற்றிவிட வேண்டும். முதல் சுற்றில் எல்லா டப்பாவிலிருந்தும் ஆளுக்கு ஒரு கரண்டி. ருசி பார்த்தபின் இரண்டாவது சுற்று. அதில் பிடித்ததை வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். யாருடைய டப்பா துடைத்துவைத்ததுபோல் திரும்புகிறதோ, அவள்தான் அன்றைக்கு ராணி. போன வாரம் வரை அது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அங்கேயே வேன் ஓட்டுகிறார். கை கழுவிவிட்டு வருவதற்குள் இடமெல்லாம் நிரம்பிவிடும். மேஜையின் கடைக்கோடிதான் அவருக்கு. எல்லார் கையும் தாண்டி மிஞ்சியதுதான் அவர் தட்டில் விழும். என் சமையலைப் பற்றி, கல்யாணமானதிலிருந்து அவர் வாயைத் திறந்ததில்லை. ‘நல்லா இருக்கு’ என்று சொன்னால் முத்து உதிர்ந்துவிடும்.

போன வாரம் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். நாங்கள் அவளைப் புதுசு என்றே கூப்பிட்டோம். கொண்டுவந்தது வெறும் உருளைக்கிழங்கு. அதுவும் அடிப்பிடித்து ஓரமெல்லாம் கருகியது. முதல் சுற்று முடிந்ததும் அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

“மனசு சரியில்லன்னா வீட்ல நீங்கள்லாம் என்ன செஞ்சு சாப்பிடுவீங்க? எனக்கு இதான்.”

“எனக்குச் சுடுசோறு, மேல வெண்ணெய். வேற ஒண்ணும் வேணாம்” என்றார் இஸ்திரி அண்ணன்.

“அதெல்லாம் ஒரு சாப்பாடா அண்ணே? மீன வறுத்து வச்சா மனசு தானா சரியாயிடும்” என்றேன். அன்று என் டப்பாவில் மீன் வறுவல். விடிவதற்குள் எழுந்து செய்தது.

கடைக்கோடியிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. “இந்த உருளைக்கிழங்கு இருக்கே, அட்டகாசம்! அந்தக் கருகல்லதாங்க ருசியே. எல்லாரும் இன்னும் கொஞ்சம் எடுங்க, வெக்கப்படாதீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுசு முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். எல்லோரும் அவள் டப்பாமேல் பாய்ந்தார்கள். என் மீனை யாரும் சீந்தவில்லை. தினமும் அதே உருளைக்கிழங்கு, இதே கூத்து. அட்டகாசம், பிரமாதம், ஆஹா என்று அவர் கடைக்கோடியிலிருந்து கூவுவார்; நான் வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் நான்கூட ஒரு துண்டைக் கூடுதலாக எடுத்துத் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

நேற்று சாயங்காலம் வீட்டில் பொறுக்க முடியவில்லை.

“அவ உருளைக்கிழங்குல அப்படி என்ன கொட்டிக் கிடக்கு? சொல்லுங்க, கேக்கறேன்.”

அவர் காலுறையைக் கழற்றியபடியே சிரித்தார். “அடிப்பாவி, உனக்குப் புரியலையா? ரெண்டாவது சுத்துல உன் டப்பா என்கிட்ட வரும்போது என்னிக்காவது ஏதாவது இருந்திருக்கா? வழிச்சு நக்கிடுவானுங்க. அவளோடத நான் தூக்கிப் பேசினேன், எல்லாரும் அங்க போயிட்டாங்க. இந்த ஒரு வாரமாத்தான் உன் சமையல நான் வயிறாரத் தின்னேன்.”

எனக்கு ஒரு நிமிடம் மனசு குளிர்ந்துபோனது. ஆனால் ஒரு நிமிடம்தான்.

“சரி, வீட்ல? வீட்ல எந்தக் கும்பல் பங்குக்கு வருது? இங்க சொல்றதுக்கு என்ன கேடு?”

அவர் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பழகிப்போச்சு” என்றார்.

“நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அவளுக்குச் சொன்ன மாதிரியே.”

“சொன்னா எனக்கு மிஞ்சாதேடி.”

“மிஞ்சலன்னா பட்டினி கிடங்க.”

இன்று கோழி வறுத்திருந்தேன். முதல் சுற்று முடிந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இன்னிக்கு என் வீட்டம்மா கோழிதான். இதுக்கு மேல ஒண்ணு கிடையாது” என்றார். காது இனிக்கக் கேட்டேன். புதுசு உட்பட எல்லோரும் என் டப்பாமேல் விழுந்தார்கள். கடைக்கோடிக்குப் போனபோது அதில் எண்ணெய்தான் இருந்தது.

உருளைக்கிழங்கு டப்பா மட்டும் இரண்டாவது சுற்றில் யார் கையும் படாமல் அப்படியே அவரிடம் போய்ச் சேர்ந்தது.

“ஐயோ, உங்களுக்கு ஒண்ணுமே மிஞ்சலையே. முழுசையும் நீங்களே எடுத்துக்குங்க அண்ணே” என்றாள் புதுசு.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு டப்பாவை முழுசாகத் தட்டில் கவிழ்த்துக்கொண்டு, கருகல் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்று, விரலை நக்கினார். வீட்டில் என் சமையலைத் தின்கிற மாதிரியே, ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.