ரிலீவருக்கு எந்த நாற்காலி?

1

இந்தக் கதை என் காது செய்த தவறு. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில், ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "அவ ஆல்ரவுண்டர்டி. ஒரே எடத்துல குந்த வெச்சா வீணாப் பூடுவா" என்றாள் ஒருத்தி. கிரிக்கெட் என்று நினைத்துவிட்டேன். பஸ் வருவதற்குள் மனதில் ஒரு வீராங்கனை தயார். ஷாலின், மண்ணூர்க்காரி, இந்திய அணியில் மிதவேகப் பந்து வீசி, ஆறாவதாக மட்டை பிடிப்பவள்.

அவர்கள் பேசியது தொழிற்சாலை லைனில் இருக்கும் ஒரு ரிலீவரைப் பற்றி என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் புரிந்தது.

(லைனில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு, அதற்குப் பெயர் ஸ்டேஷன். ஒருவர் பாத்ரூமுக்கு எழுந்தாலும் லைன் நிற்கக் கூடாது. அந்த இடத்துக்கு உடனே வருபவள்தான் ரிலீவர். எல்லா ஸ்டேஷன் வேலையும் அவளுக்குத் தெரியும். அவளுக்கென்று ஸ்டேஷன் கிடையாது.)

அந்த ரிலீவரை விட்டுவிட மனமில்லை. எவாஞ்சலின் என்று பெயர் வைத்து ஷாலினுக்கு அக்காவாக்கினேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கடைசி ஓவர். ஷாலின் தன் முழு பலத்தையும் திரட்டி—"

தப்பு. அவள் பலத்தை நம்பி ஆடுபவள் இல்லை. ஒரு சாத்துக்குடி எடுங்கள். நடுவில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் பந்தின் தையல். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதன்மேல் இருக்கட்டும். எறியும் நொடியில் விரல்களை வலப்பக்கமாகக் கீழே இழுங்கள். பந்து முன்னால் போக வேண்டிய வேகத்தில் கொஞ்சம் சுழற்சிக்குப் போய்விடும். கை வந்த வேகம் பழையதுதான், பந்து மட்டும் தாமதம். மட்டை முன்னதாகவே வந்து காற்றைத் தடவும்.*

* சாத்துக்குடியைச் சாப்பிட்டுவிடாதீர்கள். வேலை இருக்கிறது.

மட்டை பிடிக்கும்போதும் ஷாலின் பந்துவீச்சாளராகத்தான் நிற்கிறாள். எதிரே ஓடிவருபவளின் விரல் தையலில் எங்கே இருக்கிறது, களைப்பில் எந்தப் பந்து குட்டையாக விழும் என்பதெல்லாம் தன் கைக்குத் தெரிந்தவை என்பதால் கண்ணுக்கும் தெரிகிறது. அதனால் பந்தைக் கண்ணுக்குக் கீழே வரும்வரை விட்டு, கடைசியில்தான் தொடுவாள். இரண்டு திறமை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எனக்கு ஒன்றுதான் தெரிகிறது.

3

சிக்கல் அவள் முதுகில். பந்து வீசும்போது முன்கால் தரையில் ஊன்றும். அதே கணத்தில் உடம்பு ஒரு பக்கம் வளைந்து திரும்பும். அந்த அதிர்வு முழுக்கக் கீழ்முதுகு எலும்புக்குப் போகும். ஏற்கனவே இரண்டு முறை விரிசல். இன்னொன்று வந்தால் ஆட்டமே முடிந்துபோகலாம் என்றார் மருத்துவர். பந்துவீச்சை விட்டால் மட்டை வீராங்கனையாக நிரந்தர இடம் என்கிறது தேர்வுக்குழு. இன்றைக்குள் பதில் வேண்டும்.

"அவள் மனம் ஊசலாடியது" என்று எழுதி அடித்துவிட்டேன். ஊசலாடுவது எனக்கும் தெரியும், எதற்கு நடுவே என்பதுதான் தெரியவில்லை. சர்ச்சிலிருந்து திரும்பிய அக்காவை, ஷாலின் இருந்த மொட்டைமாடிக்கு அனுப்பினேன். போன மாதம்தான் எவாஞ்சலினை டெஸ்டிங் ஸ்டேஷனில் நிரந்தரமாக உட்கார வைத்தார்கள்.

"நாற்காலி எப்டிக்கா கீது?" என்றாள் ஷாலின்.

"சூப்பரா கீது. குந்திகினே சம்பளம்."

"அப்ப நானும் குந்திடட்டா?"

"நீயா? நீ சர்ச்சுலயே குந்த மாட்டே."

ஷாலின் சிரித்தாள். அக்கா கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"நேத்து ஆள் இல்லன்னு ஸ்க்ரூ போடற ஸ்டேஷனுக்குக் கூப்ட்டாங்க. ஸ்க்ரூவ எந்தப் பக்கம் ஆரம்பிக்கிறதுன்னு கை மறந்து பூச்சுடி."

இந்த வரி என் திட்டத்தில் இல்லை. இதைக் கேட்ட பிறகுதான் ஷாலினின் பயம் எனக்கே விளங்கியது. பந்தை விட்ட கை, மட்டையையும் மெல்ல மறந்துவிட்டால்?

"அப்போ வுடாதன்றியா?"

"நான் அதச் சொல்லல. போன தபா உன்ன பாத்ரூமுக்குத் தூக்கிகினு போனது நான். எனக்கு நீ நடந்தா போதும்."

4

முடிவு அ: பந்துவீச்சை விடுகிறாள். ஓராண்டு நன்றாக ஆடுகிறாள். பிறகு ஒரு நாள், மெதுவாக வந்த ஒரு பந்துக்கு அவள் மட்டை முன்னதாகவே—

முடிவு ஆ: வீசுகிறாள். முன்கால் ஊன்றுகிறது. அந்த இடத்தில்— (எழுத முடியவில்லை.)

முடிவு இ: சுழற்பந்துக்கு மாறுகிறாள். முதுகுக்குப் பாரம் குறைவு, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அணியில் ஏற்கனவே மூன்று பேர் சுழற்பந்து வீசுகிறார்கள் என்பதை வசதியாக மறந்து எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டேன்.

5

தேர்வுக்குழுவிலிருந்து போன் அடிக்கிறது. ஷாலின் அதைப் பார்க்கிறாள், எடுக்கவில்லை.

"எட்றீ. எது சொன்னாலும் கெட்டியா சொல்லு" என்கிறாள் எவாஞ்சலின்.

சாத்துக்குடி இன்னும் உங்களிடம் இருந்தால், கோட்டின்மேல் விரல்களை வையுங்கள். வலப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். உங்கள் முதுகு வலிக்காது. அதனால்தான் முடிவை உங்களிடம் கேட்க நினைத்தேன். அதே காரணத்தால்தான் கேட்கத் தயங்குகிறேன்.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.