பகலவன் குடித்த எழுத்துகள்

ஒரு ஊரிலே, கேட்ட கதையெல்லாம் கேட்டவர் வாசலுக்கே வந்து நின்ற காலத்திலே, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் சாருமதி என்றொரு பெண் இருந்தாள். ஒலிபெருக்கியில் அவள் ஊர்ப்பெயரைச் சொன்னால்தான் பஸ் கிளம்பும். டிரைவர் எவ்வளவு அழுத்தினாலும், அவள் சொல்லாமல் சக்கரம் சுற்றாது. பஸ்கள் அவளைக் கேட்டன. மனிதர்கள் கேட்டதில்லை. அவள் "பழனி" என்று சொல்லி வாய்மூடுவதற்குள் பக்கத்தில் நிற்பவரிடம், "ஏனுங்க, இது எங்க போற பஸ்ஸுங்க?" என்பார்கள்.

அந்த வருஷம் அவள் காலை வேளைகளில் ஒரு நாவலை ஒலிப்புத்தகமாகப் படித்துக்கொடுத்தாள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல். வால்பாறை எஸ்டேட் பங்களாவில் இருநூறு வருஷமாகப் பதினேழு வயதிலேயே இருக்கும் ஒரு இரத்தக்காட்டேரியும், தாரிகா என்ற கல்லூரிப் பெண்ணும் அதில் வருவார்கள். காட்டேரியின் பெயர் பகலவன். நாவலாசிரியை நியூமராலஜி பார்த்து வைத்த பெயர். தேங்காய்ப் பருப்புக் கிடங்காக இருந்த ஓர் அறையில், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, தண்டபாணி அதைப் பதிவு செய்தான்.

நான்காம் அத்தியாயத்தில் பகலவன் தாரிகாவின் வாசலில் வந்து நிற்பான். யாராவது கூப்பிடாமல் உள்ளே வர முடியாது. அவர்கள் குலத்து வழக்கம் அது.

"உள்ள வாங்க," என்று சாருமதி படித்தாள்.

கதவு திறந்தது. செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டுப் பகலவன் வந்தான். ஒலிப்புத்தகத்துக்காரன் என்பதால் காலைப் பத்து மணி வெயில் அவனை ஒன்றும் செய்யவில்லை. தண்டபாணி இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டான்.

அவன் கேட்ட விதத்தைச் சொல்லி மாளாது. அவள் மூச்சு வாங்கும் இடத்தில் அவனும் வாங்கினான். அரைப்புள்ளியைக்கூட விடவில்லை. அத்தியாயம் முடிந்ததும் மெதுவாகச் சொன்னான்: "மூணாம் பக்கத்துல 'மெல்ல மெல்ல'ன்னு படிச்சீங்களே. முதல் 'மெல்ல'யவிட ரெண்டாவது இன்னும் மெல்லங்க."

ஆறு வருஷமாக மைக்கின் முன் உட்கார்ந்திருப்பவளிடம் இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அவளுக்குக் காது மடல் சூடானது.

பிறகு அவனுக்குத் தாகமெடுத்தது. அச்சுப் புத்தகமாக இருந்தால் இரத்தம் குடித்திருப்பான். ஒலிப்புத்தகத்தில் இரத்தம் ஏது, குரல்தான் உண்டு. குரலிலிருந்து ஓர் எழுத்தைக் கேட்டான். தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

அன்றைக்கு ஆய்த எழுத்தைக் கொடுத்தாள். போனதே தெரியவில்லை. மறுநாள் ஔ. அதற்கடுத்த நாள் ஞ. ஞாயிற்றுக்கிழமையை அவள் எப்போதோ நாயித்துக்கிழமை ஆக்கியிருந்ததால் அதிலும் நஷ்டமில்லை. ஏழாம் அத்தியாயத்தில் ழ போனது. "பளனி செல்லும் பஸ்" என்று அவள் அறிவித்தபோது, பஸ் இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டுக் கிளம்பியது. 'ங' பக்கம் மட்டும் போகக் கூடாது என்று தண்டபாணி முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அது இல்லாமல் கோயமுத்தூர்ப் பக்கம் குடியிருக்க முடியாது.

மிச்சமிருந்தவற்றில் பகலவனின் கண் 'ப'வின் மேல் விழுந்தது. அவள் "பஸ்" என்றாலே எச்சில் விழுங்கினான். "மன்னிச்சுக்கோங்க," என்பான். "தொண்டை வறண்டுபோச்சுங்க."

தண்டபாணி அவளைத் தனியே கூப்பிட்டான். "அம்மணி, 'ப' போச்சுன்னா பொள்ளாச்சி போச்சு. பல்லடம் போச்சு, பாலக்காடு போச்சு. பஸ்ஸே போச்சு. அப்புறம் நீ வூட்லதான் உக்காரோணும். நாளைக்கு எட்டாவது அத்தியாயம், அதோட கதை முடியுது. அனுப்பி வெச்சுரு."

"தினமும் அனுப்பிட்டுத்தானே இருக்கோம்?"

"என்ன சொல்லி அனுப்பறோம்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். தினமும் "போயிட்டு வாங்க" என்றுதான் இருவரும் சொல்லியிருந்தார்கள். அவனும் போய்விட்டு வந்துகொண்டிருந்தான்.

கடைசி அத்தியாயத்தின் கடைசி வரியும் அதுவேதான். தண்டபாணி நாவலாசிரியைக்குப் போன் போட்டு, "போ" என்று மாற்றித் தரச் சொன்னான்.

"வூட்டுக்கு வந்தவங்களப் 'போ'ன்னு எழுதறதுங்களா?" என்றார் அவர். "எங்கம்மா படிப்பாங்கள்ல?"

அன்று பகலவன் கிளம்பும்போது தண்டபாணியே துணிந்து அவன் எதிரில் போய் நின்றான். "போ..." என்று ஆரம்பித்தான். "...யிட்டு வாங்க" என்று முடித்தான். கையோடு வெள்ளிக்கிழமை நடக்கும் தன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கும் அழைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மறுநாள் சாருமதி எட்டாம் அத்தியாயத்தைப் படித்தாள். அவள் ஆயுசில் அப்படிப் படித்ததில்லை. பகலவன் நாற்காலியின் நுனிக்கு வந்து, கண்ணை மூடிக் கேட்டான். கடைசி வரிக்கு முன்னால் அவள் நிறுத்தினாள்.

"இன்னைக்கு..." என்றான் அவன். "'ப'வுங்களா?"

"அது வேண்டாங்க. 'வ' எடுத்துக்கோங்க."

அவன் அவளைப் பார்த்தான். "அதை எடுத்துட்டா என்னை நீங்க..."

"ஆமாங்க."

அவளுக்குக் குரல் நடுங்கியது. நடுங்கிய குரலையும் அவன் கேட்டு முடித்தான். அப்புறம் நிதானமாக, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், 'வ'வைக் குடித்தான். "இத்தனை நாள்ல இதாங்க ருசி," என்றான்.

தண்டபாணி விரலை உயர்த்தினான். அவள் கடைசி வரியைப் படித்தாள்.

"போயிட்டு ஆங்க, பகலன்."

பகலவன் எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தான். "போறனுங்க," என்றான். அந்த அறையில் யாரும் அப்படியொரு சொல்லைச் சொன்னதில்லை. தண்டபாணி மெஷினை நிறுத்தினான்.

பன்னிரண்டு மணிக்கு அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது, பகலவன் வால்பாறை வரிசையில் நின்றிருந்தான். பங்களாவுக்குப் போக வேண்டுமே. வரிசையில் முப்பது பேர், கைக்குழந்தைகள் வேறு. அவள் சொன்னால்தான் பஸ் கிளம்பும். மைக்கை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஆல்பாறை செல்லும் பஸ் இப்போது புறப்படும்."

'ப' எல்லாம் உருண்டையாக வந்து விழுந்தன. கண்டக்டர் இறங்கி, பெயர்ப்பலகையில் 'வா' மேல் காகிதம் ஒட்டி 'ஆ' என்று எழுதினார். "ஏறுங்க, ஏறுங்க!" என்று கூப்பிட்டார். கூப்பிட்டதால் பகலவனும் ஏறினான்.

ஸ்டாண்டு வாசலுக்கு வந்த பஸ் வலப்பக்கமும் திரும்பவில்லை, இடப்பக்கமும் திரும்பவில்லை. ஆல்பாறை என்றொரு ஊர் அந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. நேரே போனது. எதிர்ப்புறத்து பேக்கரிக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்து வழிவிட்டார். பின்சீட்டு ஜன்னலில் பகலவனின் காது கொஞ்ச நேரம் தெரிந்தது.

குக்கரைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஆல்பாறை போயிருச்சுங்களா?"

"இப்பத்தாங்க போச்சு," என்றாள் சாருமதி.

"அடுத்தது எப்பங்க?"

"தெரியலீங்க."

"அப்ப நடந்தே போயிக்கறனுங்க. குக்கருக்கு வாஷர் அங்கதான் நல்லா போடுவாங்க."

பேக்கரிக்காரர் மேஜைப் பலகையைத் தூக்கிப் பிடித்தார். அந்த அம்மாள் குனிந்து, தேங்காய் பன்களுக்கு நடுவே நுழைந்து, நேரே நடந்து போனார்.