நெட்டைக்கழுத்தியின் மீதி உயிர்

“அக்கா, கதவை நல்லாப் பிடிச்சுக்கங்க. விட்டீங்கன்னா மேஜை மாட்டிக்கும்” என்றான் எலெக்ட்ரீஷியன்.

அவள் கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நின்றாள். கூடத்தில் பதினாறு வருஷமாக நகராமல் கிடந்த பெரிய மேஜையை அவனும் மருந்துக்கடைக்காரரும் ஒருக்களித்துச் சாய்த்துப் பின்னறைக்குள் நுழைக்கப் பார்த்தார்கள். இன்னும் அரை மணியில் ஆஸ்பத்திரி வண்டி வந்துவிடும். தம்பியைக் கிடத்த இடம் வேண்டும்.

சாய்த்த சாய்ப்பில் இழுப்பறை திறந்துகொண்டது. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள் கொட்டித் தரையெல்லாம் ஓடின. கடைசியில் ஒரு நீல நோட்டு தொப்பென்று விழுந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட வந்திருந்த டிரைவரம்மா குனிந்து பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நகர பஸ் ஓட்டுகிறவள். இடுக்கில் கைவிட்டு எடுப்பதெல்லாம் அவளுக்குச் சாதாரணம். ஆனால் நோட்டை மட்டும் தொடாமல் தாண்டிப் போனாள்.

“அதை நாங்க பாக்கக் கூடாதுக்கா. நீங்களே எடுத்துக்கங்க.”

அக்கா நோட்டை எடுத்து இடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட இரண்டு வயது மூத்த மருந்துக்கடைக்காரருக்கும்கூட. ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் ஓரம் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். அவளைத்தான் யாரும் பார்த்ததில்லை. கடையின் பின்பக்கத்தில், இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். தம்பி நாலு வயது இளையவன். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் சோதிப்பவன். இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

வியாழக்கிழமை காலை, வேலை மேஜையில் ஒரு மீட்டரின் மேல் காதை வைத்தபடி சாய்ந்தவன்தான். மீட்டர் ஓடுகிற சத்தத்தைக் காது வைத்துக் கேட்பது அவன் வழக்கம் என்பதால் கால் மணி நேரம் யாரும் சந்தேகப்படவில்லை. மாரடைப்பு என்றார்கள். வெள்ளி முழுக்க ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவதிலேயே போயிற்று. இன்று சனி.

நாளை ஞாயிறு. அந்த நாளை எப்படிக் கழிப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு மூன்று மணி அடித்தால் இந்த மூவரும் விளையாட வந்துவிடுவார்கள். தம்பி ஒரு அட்டையை மறைப்பாக நிறுத்திக்கொண்டு அதன் பின்னால் உட்கார்ந்து கதையை நடத்துவான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். ஆறடி எலெக்ட்ரீஷியன் கோடாலி தூக்கிய குள்ளன். மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி, கடையில் இருமல் மருந்து கொடுக்கிற கை இங்கே வந்தால் நெருப்பைக் கக்கும். டிரைவரம்மா வில்லாளி. சண்டை வந்தால் பகடை உருட்டுவார்கள். விழுகிற எண்ணைப் பொறுத்து எதிரிக்கு அடி, அடியைப் பொறுத்து அதன் உயிர் குறையும். இன்னும் எவ்வளவு உயிர் மீதி என்பது தம்பியின் நோட்டில் மட்டும் இருக்கும். அட்டைக்குப் பின்னால் இருப்பதை யாரும் கேட்கக் கூடாது. அது சட்டம். பதினாறு வருஷத்தில் ஒருவர்கூட அதை மீறியதில்லை.

கடைசி நாலு வருஷமாக எதிரி ஒன்றே ஒன்றுதான். அதற்கு நெட்டைக்கழுத்தி என்று பேர். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலில் நிஜமாகவே இருந்து அழிந்துபோன ஜாதி. உடம்பைவிட நீளமான கழுத்து, காலுக்குப் பதில் நாலு துடுப்பு. தம்பியின் கதையில் அது ஒரு மலைக்கு அடியில், வெளிச்சமே படாத உப்பு ஏரியில் கிடந்தது. மூவரும் ஒரு படகில் அந்த ஏரியைக் கடந்தாக வேண்டும். அது விட்டால்தானே!

“இது மீனாண்ணே, பாம்பா?” என்று முதல் நாள் எலெக்ட்ரீஷியன் கேட்டான்.

“ரெண்டும் இல்லடா. அதுக்கு நுரையீரல் இருக்கு. மூச்சு விட மேல வந்துதான் ஆகணும். அப்பதான் நீ அடிக்க முடியும்.”

“அதுக்குத் துணை கிணை உண்டா?” என்று டிரைவரம்மா கேட்டாள்.

“இருந்திருக்கும். இப்ப இல்ல.”

இதெல்லாம் அக்காவுக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருந்தது. யாருக்கும் தெரியாத சங்கதி அது. டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, எனக்கென்ன வந்தது என்கிற மாதிரி திரும்பி வருவாள். வந்து குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். குள்ளனின் இடது காது எந்தச் சண்டையில் போனது என்று எலெக்ட்ரீஷியனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆரம்பத்தில் ஒரு தடவை, “நீங்களும் ஒரு ஆளா வந்து உக்காருங்களேன்க்கா” என்று டிரைவரம்மா கூப்பிட்டாள். “இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்தக் கூத்து” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை. அந்த வீராப்பை அவள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை திட்டித் தீர்த்திருக்கிறாள்.

அடுப்பு மேடைமேல் நோட்டை வைத்துப் பிரித்தாள். நெட்டைக்கழுத்தியின் பக்கங்கள் கடைசியில் இருந்தன. தலைப்பில் ‘உயிர் 300’. கீழே தேதியும் பேனாவால் கழித்தலும். ‘கோடாலி 14. மீதி 286.’ ‘அம்பு 9. மீதி 277.’ மாதத்தில் ஒரு நாள் அது மேலே வந்தால் அதிகம் என்பதால் எண்கள் மெல்லத்தான் இறங்கின. இரண்டு வருஷத்தில் மூன்றுக்கு வந்து நின்றது.

அங்கேயிருந்து பென்சில் ஆரம்பித்தது. ஓரத்தில் பொடி எழுத்தில், ‘வெள்ளி, கூட்டல் 40.’ அடுத்த பக்கத்தில் இன்னொரு வெள்ளி, இன்னொரு முப்பது. குறையக் குறைய, ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து உயிரை ஏற்றிவிட்டிருந்தான். வெள்ளி சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் பென்சில் சீவி வைத்துக்கொண்டு அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது இதற்குத்தானா? ஆபீஸ் வேலை என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்.

கடைசி வரி போன ஞாயிற்றுக்கிழமையுடையது. ‘மீதி 12. கோடாலி 19. மூழ்கியது.’ அதற்கு நேரே ஒரு பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவன் இருக்கவில்லை.

“திருட்டுப் பயலே” என்றாள் அக்கா, வாய்விட்டு.

மீட்டரில் ஒரு சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் ஏற்காதவன். அந்த ஜந்து செத்தால் அவர்கள் அக்கரைக்குப் போய்விடுவார்கள், கதை முடிந்துவிடும், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டுக்கு யார் வருவார்கள்? எவ்வளவு பயந்திருந்தால் இப்படிப் பொய்க்கணக்கு எழுதியிருப்பான்! அதே பயத்தோடுதான் சுவருக்கு இந்தப் பக்கம் அவளும் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சொல்லவில்லை. அவளுக்கு வியாழக்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

வண்டி வந்தது. ஆபீஸிலிருந்து எட்டுப் பேர் ஒரு மலர் வளையத்தோடு வந்து, வரிசையாக நின்று, கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடிக் கடை முதலாளி வந்து, “எப்ப முடியுமோ அப்ப வேலைக்கு வாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். பன்னிரண்டு மணிக்குத் தகனக் கூடத்துக்குக் கிளம்பியபோது அவளோடு வண்டியில் ஏறியது இந்த மூவர்தான்.

அங்கே காத்திருக்கச் சொன்னார்கள். சிமெண்ட் பெஞ்சில் மருந்துக்கடைக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற இருவரும் தூரத்தில் மரத்தடியில் நின்றார்கள். ரொம்ப நேரம் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தவர், தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

“நானும் ஒரு கணக்கு வச்சிருக்கேன்க்கா. நாங்க அடிச்ச அடியெல்லாம் எழுதிட்டு வர்றேன். அந்த மாதிரி ஜந்துக்கு இவ்வளவுதான் உயிர்னு விளையாட்டுப் புத்தகத்துலயே போட்டிருக்கு. அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே செத்திருக்கணும்.”

அவர் மரத்தடியில் நின்ற இருவரையும் பார்த்தார்.

“இவங்ககிட்ட சொல்லல. உங்க தம்பிகிட்டயும் கேக்கல.”

“ஏன்?”

“கேட்டா ஒத்துக்குவாரு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஒத்துக்கிட்டா அது செத்துடும்.” அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் தேய்த்துக் கொடுத்த கண்ணாடிதான். “வீட்ல அவ போனதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை நான் வேற எங்க போவேன், சொல்லுங்க.”

உள்ளேயிருந்து அவள் பேரைச் சொல்லாமல், “இறந்தவரோட சொந்தக்காரங்க யாரு?” என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனாள்.

வீடு திரும்பும்போது மூன்று மணி ஆகியிருந்தது. மேஜை இல்லாத கூடம் யாரோ வாடகைக்கு இருந்து காலி செய்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. பின்னறையிலிருந்து ஆளுக்கொரு ஸ்டூலை எடுத்துப் போட்டுக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் மூவரும் நடுக்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்கா டீ கொண்டுவந்தாள். திரும்பிப் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனச்சுக்காதீங்க” என்றான் எலெக்ட்ரீஷியன்.

“கேக்காத” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நீங்க சும்மா இருங்க சார். போன வாரம் நான் விட்டேன் ஒரு அடி. பத்தொம்பது. அது அப்படியே முங்கிப்போச்சு. செத்துச்சாண்ணேன்னு கேட்டேன். அடுத்த வாரம் சொல்றேண்டா, போடான்னு சிரிச்சாரு.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தான். “எனக்கு அது மட்டும் தெரியணும்க்கா. செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க. நான் பாட்டுக்கு இருந்துக்குவேன்.”

“செத்திருந்தா நாம அக்கரைக்குப் போயாச்சுன்னு அர்த்தம்” என்றாள் டிரைவரம்மா. “அத்தோட முடிஞ்சுது.” சொல்லிவிட்டுக் கீழே வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாளைக்கு அவளுக்கு இரண்டு ஷிப்ட் என்று காலையில் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷத்தில் இந்த மூவரும் இருக்கும்போது இந்தக் கூடத்தில் இப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. இனிமேல் இதுதான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. நாளைக்கும், அதற்கு அடுத்த வாரமும், வாரமெல்லாம் கண்ணாடி தேய்த்துவிட்டு அவள் வீட்டில் உட்காரும் எல்லா ஞாயிறுகளிலும்.

அவள் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். கூடத்தில் மறைப்பதற்கு அட்டை இல்லை. அதனால் நோட்டைத் தன் பக்கமாகச் சாய்த்து, அரையும் குறையுமாகப் பிரித்துப் பார்த்தாள். பூஜ்யம் அங்கேயே இருந்தது. கால் மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸைத் தூக்கிக் குப்பையில் போடுகிறவள் அவள். முதலாளியே “பரவாயில்ல, விடும்மா” என்று சொன்னாலும் விடமாட்டாள்.

“சாகல” என்றாள். “இருபத்தெட்டு இருக்கு.”

“இருபத்தெட்டா!” எலெக்ட்ரீஷியன் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டான். “அடிப்பாவி! பத்தொம்பது வாங்கியும் இன்னும் இருபத்தெட்டு இருக்கா? என்ன ஜென்மம்ங்க அது!” சிரித்துக்கொண்டே சொன்னவன், முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டு அழுதான்.

மருந்துக்கடைக்காரர் தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார். அவளும் பார்வையை விலக்கவில்லை. அவளுக்குக் காது சுட்டது. இப்போது இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் போய்விடும்.

“அவ்வளவு இருக்கும்னுதான் நானும் நெனச்சேன்” என்றார் அவர்.

இனி யார் நடத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எலெக்ட்ரீஷியன் மூக்கை உறிஞ்சினான். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். டிரைவரம்மா காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“எந்தப் பக்கம்க்கா இருக்கு?”

“என்னது?”

“அதுதான். படகுக்கு எந்தப் பக்கம்?”

அது நோட்டில் இல்லை. அக்கா மூடிய நோட்டைப் பிடித்தபடி கூடத்தின் வெறும் தரையைப் பார்த்தாள். மூன்று ஸ்டூல்களையும், அவற்றைச் சுற்றிக் கிடந்த தரையையும் பார்த்தாள்.

“இடது பக்கம்” என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். “இடது பக்கம். பக்கத்துலதான்.”

டிரைவரம்மா கைப்பையைத் திரும்பத் தரையில் வைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் கொஞ்சம் வலது பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.