சுவிட்ச் அறைக்குள் மாமா

அந்த அலுவலகத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவள் மேலாளரின் அக்கா மகள். சிபாரிசில் வந்தவள் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று இருவரும் ஏகக் கவனமாக இருந்தார்கள். அலுவலகத்தில் அவர் அவளுக்கு ‘சார்’, அவள் அவருக்கு ‘மேடம்’.

மூன்றாம் மாடியின் கோடியில், ஜன்னலில்லாத ஒரு சின்ன அறையில், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நாலு நெட்வொர்க் சுவிட்ச்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பின்பக்கம் குட்டையான தடித்த கேபிள்களால் கோத்திருந்ததால் நாலும் ஒரே பெட்டி போல இயங்கும். ஒன்று தலைமை, மற்ற மூன்றும் அது சொன்னதைக் கேட்கும். மாடியிலிருந்த கணினிகள், தொலைபேசிகள், அட்டை காட்டினால் திறக்கும் கதவுப் பூட்டுகள் எல்லாம் அவற்றை நம்பித்தான் இருந்தன. அந்த அறையின் பூட்டும்தான். உள்ளே போகவும் அட்டை, வெளியே வரவும் அட்டை.

புதிதாகப் பத்துப் பேர் வேலைக்குச் சேர்ந்ததில் இணைப்புகள் போதவில்லை. வேறொரு கிளையிலிருந்து ஒரு பழைய சுவிட்ச் வந்தது. அதிலிருக்கும் பழைய அமைப்பை அழித்துவிட்டு மறுநாள் சேர்க்கிறேன் என்றாள் அவள். மாமாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை அவள் கீழ்மாடியில் இருந்த நேரம் பார்த்து, தானே உள்ளே போய், அதற்கு மின்சாரம் கொடுத்து, கேபிளையும் சொருகிவிட்டார்.

பழைய கிளையில் அந்தச் சுவிட்ச்தான் தலைமை. எதற்கு எண் பெரிதோ அதுதான் தலைமை ஆகும்; இதன் எண் உச்சத்தில் இருந்தது. வந்த வேகத்தில் இங்கேயும் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. மற்ற நாலும் தங்கள் அமைப்புகளையெல்லாம் உதறிவிட்டு, புதுத் தலைமையின் சொல்படி மறுபடி தொடங்கின. மாடி முழுக்கத் தொலைபேசிகள் ஊமையாயின. பூட்டுகள் யாருடைய அட்டையையும் அடையாளம் காணவில்லை.

அவள் மூச்சிரைக்க ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

“சார், உள்ள இருக்கீங்களா?”

உள்ளேயிருந்து, “பாப்பா” என்று மெல்லக் கேட்டது. “நான் ஒண்ணும் பண்ணல. சொருகினேன், அவ்வளவுதான்.”

நடைவழியில் கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருட ரகசியம் ஒரே வார்த்தையில் போய்விட்டது.

அவசரச் சாவியை யாரோ வாங்கிப்போய் மாதக்கணக்காகியிருந்தது. பூட்டை உடைக்கலாம் என்றார் காவலாளி. உள்ளேயிருந்து மேலாளர் குரலிலேயே மறுப்பு வந்தது. அவள் முதலில் புதுப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கச் சொன்னாள். அதைச் செய்வதற்குள் எந்தக் கம்பி, எந்த நிறம், எந்தப் பக்கம் என்று மூன்று முறை உறுதி செய்துகொண்டார். பிறகு அவள் தரையில் சம்மணமிட்டு, மடிக்கணினியை மடியில் வைத்து, தட்டையான ஒரு நீலக் கேபிளைக் கதவடியில் உள்ளே தள்ளினாள்.

“மாமா, முன்பக்கம் கன்சோல்னு போட்டிருக்கும். அதுல சொருகுங்க.”

“மேல இருக்கிறதுக்கு எட்டலையே.”

“கீழ இருக்கிறதுல சொருகினாலும் போதும். எதுல சொருகினாலும் தலைமைக்குப் போயிடும்.”

“அப்படியா? நம்ம ஆபீசுல அப்படி இல்லையே,” என்றார் மாமா. சொன்ன பிறகுதான் வெளியே மொத்த அலுவலகமும் நிற்பது அவருக்கு உறைத்தது.

பெட்டிகள் முழித்துக்கொள்ளப் பத்து நிமிடம் பிடித்தது. பசிக்கிறது என்று குரல் வர, கணக்காளர் காகிதத்தை விரித்து அதன்மேல் ஒவ்வொரு பிஸ்கட்டாகக் கதவடியில் அனுப்பினார். க்ரீம் வைத்தது மட்டும் இடுக்கில் மாட்டிக்கொண்டது.

சேமித்து வைத்திருந்த பழைய அமைப்பை அவள் கேபிள் வழியே ஏற்றினாள். எங்கோ ஒரு தொலைபேசி அடித்தது. பூட்டு டக்கென்றது. மாமா மீசையில் பிஸ்கட் துகளோடு வெளியே வந்து, “வேலையைப் பாருங்க எல்லாரும்” என்றார்.

அன்று மாலை அவளுடைய அம்மா போன் செய்தாள்.

“அஞ்சு மெஷினையும் தம்பியே ஒத்தை ஆளா சரி பண்ணினானாமே. நீ வெளிய தரையில உக்காந்திருந்தியாம்?”

யோசித்துப் பார்த்தால் அதில் பொய் அவ்வளவாக இல்லை. “ஆமாம்மா” என்றாள்.

“நம்ம வாஷிங் மெஷினும் ஒரு மாதிரி சத்தம் போடுது. அவனையே வந்து பாக்கச் சொல்லவா?”

“வேணாம்மா,” என்றாள் அவள். “சத்தமாவது போடட்டும்.”