மேகலா பக்கம் நகர்ந்தவை

தலைநகரில், கோல் மார்க்கெட் அரசாங்கக் குடியிருப்பில் மேகலாவை நோக்கி முதலில் நகர்ந்து வந்தது தோசைக்கல். அடுப்பிலிருந்து இறங்கி, சமையலறை வாசலைத் தாண்டி, அவள் படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. பிறகு அரிவாள்மணை, கத்தரிக்கோல், பூட்டு, சாவிக்கொத்து எல்லாம் வந்தன. குளிர்காலம் முடிவதற்குள் மேல்மாடிக்காரர்களின் சாவிகளும் வர ஆரம்பித்ததால், ஆபீஸ் கிளம்புகிறவர்கள் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "பாபிஜி, சாவி" என்று இந்தியில் அண்ணி முறை சொல்லி வாங்கிப் போவது வழக்கமாகிவிட்டது. அவள் கணவர் அழகர்சாமி, ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. எதைப் பற்றியுமே அதிகம் பேசுகிறவர் அல்ல. மாலையில் வந்து மனைவி அருகில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தால், சாப்பாட்டு வேளை வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அவர் பக்கத்தில் இருக்கும்வரை வீட்டில் எந்த இரும்பும் அசைவதில்லை என்பதை இருவருமே கவனித்திருந்தார்கள். ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை.

மேகலாவின் உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போயிருந்தது. முகம் வெளுத்தது, அரிசி களையும்போது ஒரு பிடி அள்ளி மென்றாள், ஒரு மாடி ஏறினால் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் எழுதிய மாத்திரையை மூன்று வருஷம் அழகர்சாமி தன் கையாலேயே கொடுத்தார், கூடவே தான் போட்ட பில்டர் காபியையும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கண்ணெதிரே அரைத்து வாங்கிய பொடி. வெறும் தண்ணீரில் விழுங்க அவர் விட்டதே இல்லை. புதிதாக வந்த டாக்டரம்மா, மேகலா மாத்திரையை எதோடு சாப்பிடுகிறாள் என்று கேட்டபோது அழகர்சாமி சற்றுப் பெருமையாகவே பதில் சொன்னார். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தாள். காபி இரும்பை உடம்பில் சேரவிடாது என்றாள். இனி நரம்பில் ஏற்ற வேண்டியதுதான், ரத்தம் இதற்கு மேல் குறைந்தால் இதயம் தாங்காது என்றாள்.

"விஷமா குடுத்தீங்க? நல்ல காபிதானே குடுத்தீங்க," என்றாள் மேகலா, திரும்பும்போது ஆட்டோவில்.

பெண்கள் வார்டில் ஆண்களுக்கு இடமில்லை என்று நர்ஸ் செல்வி அவரை வராந்தாவுக்கு அனுப்பினாள். செல்வி திருநெல்வேலிப் பெண். இரும்பு மருந்து கருஞ்சிவப்பாக இருந்தது. "டிகாக்‌ஷன் மாதிரியே இருக்கே. கடைசில நரம்புலயும் காபிய ஏத்த வச்சுட்டாரு எங்க வீட்டுக்காரரு," என்று மேகலா சிரித்தாள். ஊசி ஏறியதும் பாட்டில் மாட்டிய ஸ்டாண்டு உருண்டு வந்து அவள் கட்டிலில் ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் கட்டிலும் தூங்கிக்கொண்டிருந்த அம்மாளோடு நகர்ந்து வந்தது. அந்த அம்மாள் விழிக்கவில்லை. செல்வி இதையெல்லாம் சமாளித்தாள். ஆனால் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டிய மருந்து நூலாக இறங்கியது. குழாயை அடைத்த பிறகும் நிற்கவில்லை. ஊசியை உருவப் பார்த்தாள், அது வர மறுத்தது. மேகலாவுக்கு மூச்சு வாங்கியது.

"அவர வரச் சொல்லு. பக்கத்துல உக்காந்தா நிக்கும்."

"ஜென்ட்ஸ் வரக் கூடாதுக்கா," என்று சொல்லிக்கொண்டே செல்வி வாசலுக்கு ஓடினாள். "அண்ணாச்சி, ஜல்தி வாங்க! கடகடன்னு ஏறுது, நெஞ்ச அடைச்சிரும்!"

அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நூல் அறுந்து சொட்டாயிற்று. தன் ரத்தம் மெல்ல அவள் பக்கம் இழுபடுவதை அழகர்சாமி உணர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் இழுப்புதான். தன் ரத்தத்திலும் இரும்பு உண்டு, அவள் உடம்பு அதை இழுத்துத் திருப்தியாகி மற்றதை விட்டுவிடுகிறது என்று இப்போது புரிந்தது. அதைப் பாசம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளக் காரணம் எதுவும் தெரியவில்லை.

"ஏன்க்கா, அண்ணாச்சி பேசவே மாட்டாவளா?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நல்லாத்தான் பேசினாரு."

அடுத்தடுத்த முறைகளில் செல்வி முன்கூட்டியே கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு வைத்தாள், யாரும் ஆட்சேபிக்கவில்லை. மழைக்காலத்தில் மேகலாவின் உதட்டில் நிறம் ஏறியது. தோசைக்கல் அடுப்பிலேயே இருந்தது, சாவிகள் அவரவர் வீட்டில் இருந்தன. மாத்திரை நின்றது, காலைக் காபி தொடர்ந்தது. அழகர்சாமி உணர்ந்த இழுப்பு மட்டும் போகவில்லை. மாலையில் மந்திர் மார்க்கில் நடக்கும்போது இன்றும் இடப்பக்கம் வரும் அவள் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே நடக்கிறார். அந்தத் தெருவில் செருப்புத் தைக்கிறவர் அவரிடம் எதுவும் கேட்காமலே இடது செருப்புக்கு மட்டும் தோல் கூடுதலாக வைத்துத் தைத்துக் கொடுக்கிறார்.