ஒன்பது முறை சாத்திய ஜன்னல்

மானுடவியல் துறைத் தலைவியின் மேசைக்கு முப்பத்தொரு நோட்டுகள் வந்து சேர்ந்தன. இளங்கலை மாணவர்கள் களத்துக்குப் போய் எழுதியவை. அவற்றைத் திருத்திவிட்டு, இந்தக் களப்பணி அடுத்த ஆண்டும் தொடரலாமா என்று அவர் ஒரு வரி எழுதித் தர வேண்டும்.

களப்பணியைத் தொடங்கியவன் அவருடைய கொழுந்தன். இந்தத் துறையில் ஆசிரியர் வேலைக்கு அவனை விண்ணப்பம் போடச் சொன்னதே அவர்தான். இருபது வருடமாக அவர் வகுப்பில் கொட்டாவி விட்ட கூட்டம், இப்போது கொழுந்தன் பின்னால் சலவைக்கடை, பஸ் டிப்போ, சலூன் என்று அலைகிறது. திரும்பி வந்து பக்கத்து அறையில் கூடிச் சிரிக்கும் சிரிப்பில் இவருக்கு வயிறு எரியும்.

"அண்ணி... சாரி, மேடம்! பாத்துப் போடுங்க. பசங்க செருப்பு தேய அலைஞ்சிருக்காங்க."

"செருப்புக்கெல்லாம் மார்க் கிடையாது."

"அப்ப வாத்தியாருக்கு?"

"அத உங்க அண்ணன்கிட்ட போய்க் கேளு."

நோட்டின் ஒவ்வொரு தாளிலும் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும். வலப்பக்கம் அதைப் பற்றி நினைத்தது. 'கடைக்காரர் சட்டையை மூன்று முறை உதறினார்' என்பது இடப்பக்கம். 'கோபமாக இருந்தார்' என்பது வலப்பக்கம். உதறியதுதான் கண்ணுக்குத் தெரியும், கோபம் தெரியாது. அந்த ஊகம் சரியா என்று கடைக்காரரிடமே கேட்டும் பார்க்க வேண்டும்.

பத்துப் பேர் நினைத்ததை இடப்பக்கம் எழுதிக் கோடு தாண்டியிருந்தால் போதும், களப்பணியை மூட்டை கட்டிவிடலாம். மேடம் சிவப்புப் பேனாவைத் திறந்தார். முப்பது நோட்டு முடிந்தபோது தாண்டியவர்கள் இரண்டே பேர். அதிலும் ஒருத்தி தானே அடித்துத் திருத்தியிருந்தாள்.

கடைசி நோட்டு, காலில் கட்டுப் போட்ட பெண்ணுடையது. வெளியே போக முடியாமல் மேடத்தின் இந்த அறையையே களமாக எடுத்திருந்தாள். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தாளாம். 'கவனித்துப் பார்த்தல்' என்று பாடமே நடத்தும் மேடத்துக்கு அவள் இருந்ததே தெரியவில்லை.

இடப்பக்கம்: 'பக்கத்து அறையில் சிரிப்பு. மேடம் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார். ஒன்பதாவது முறை. மின்விசிறி ஓடவில்லை. அவருக்கு வியர்க்கிறது.'

வலப்பக்கம்: 'சத்தம் ஒத்துக்கொள்ளாது போல. ஒற்றைத் தலைவலியா? பாவம்.'

அந்தப் 'பாவம்' சுருக்கென்று குத்தியது. மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நொண்டிக்கொண்டே வந்தாள்.

"இடப்பக்கம் சரி. வலப்பக்கத்த ஏன் என்கிட்ட கேக்கல?"

"பயமா இருந்துச்சு மேடம்."

"இப்ப கேளு."

"தலைவலியா மேடம்?"

பக்கத்து அறையில் சிரிப்பு வெடித்தது. மேடத்தின் கை தானாக ஜன்னலுக்குப் போனது. பெண்ணின் பார்வையும் கூடவே போனது. கை பாதியில் நின்றது.

"இல்லம்மா. பொறாமை. எழுதிக்கோ."

அவள் மேசையிலிருந்த நோட்டை எடுத்தாள். பேனா கோட்டின் மேல் தயங்கியது.

"எந்தப் பக்கம் மேடம்?"

"நான் சொன்னத உன் காதால கேட்டல்ல? இடப்பக்கம்."

அவள் போன பிறகு மேடம் அறிக்கைத் தாளை எடுத்து, 'தொடரலாம்' என்று எழுதினார். பக்கத்து அறையில் இன்னொரு சிரிப்பு. பேனாவை மறுபடி திறந்து, பக்கத்தில் சேர்த்தார்: 'வேறு மாடியில்.'