முழங்கை வரை ஆழம்

“இல்ல, நிறுத்துங்க டாக்டர். அந்த முழங்கைல இருந்து திரும்பப் படிங்க.”

“‘இந்தப் படிக்கட்டுக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும் என்று தோன்றியது,’” என்று டாக்டர் திரும்பப் படித்தார். “‘கடைசிப் படிக்கு அப்பால் இருக்கும் இருட்டு, யாரோ நம்மிடம் சொல்லாமல் விட்ட வாக்கியம் போல நீண்டுகொண்டே போகிறது.’”

“முழங்கை வரைக்கும்,” என்றார் நிறுத்தச் சொன்ன மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். “சட்டைய மடிச்சு விட்டுக்கிட்டா, அப்படியேவா?”

யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாக்கியம் என்னுடையது. அதற்கு முன்னும் பின்னுமாக இருந்த அரைப் பக்கமும் என்னுடையது. எழுதிய அன்று நான்கு முறை படித்துப் பார்த்து, ‘நீண்டுகொண்டே’ என்ற சொல்லுக்காக என் தோளை நானே தட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், கடைவாய்ப் பல்லின் குறுக்குவெட்டுப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அதைக் கேட்டபோது, எவனோ வாடகைக்கு எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையேறியது போல இருந்தது.

நாங்கள் பதினொரு பேர். இரட்டைப் பட ஸ்லைடு எடுப்பவர்கள். ஒரே காட்சியை இரண்டு தரம் எடுக்க வேண்டும். முதலில் இடது கண்ணுக்கு, பிறகு கேமராவை ஆறரை சென்டிமீட்டர் வலது பக்கம் நகர்த்தி வலது கண்ணுக்கு. இரண்டு ஃபிலிம் துண்டையும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, இரண்டு கண்ணையும் வைத்துப் பார்க்கும் வியூவருக்குள் செருகினால், இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகி, நாற்காலி முன்னால் வரும், சுவர் பின்னால் போகும். அப்படித்தான் சொல்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு பெட்டி உண்டு. டாக்டர் பழைய கருவிகள் வைத்திருந்த மரப்பெட்டி. இன்னும் கிராம்பு எண்ணெய் வாசம் போகவில்லை. பதினொரு ஸ்லைடு, ஒரு வியூவர், ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொருவர் வீட்டிலும் நான்கு நாள் தங்கும். மற்றவர்களுடைய ஸ்லைடுகளைப் பார்த்து நோட்டில் கருத்து எழுதி, அடுத்தவருக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். சுற்றி முடித்துத் திரும்பி வந்ததும் இந்த அறையில் கூடி, டாக்டர் நோட்டை உரக்கப் படிப்பார். நல்லதாகத் தேறும் ஸ்லைடுகள் வருடக் கடைசியில் பள்ளிக்கூட ஹாலில் வெள்ளித் திரையில் காட்டப்படும்.

விதி ஒன்றே ஒன்று. பார்த்துவிட்டு எழுத வேண்டும். முன்பு ஒரு வங்கி ஊழியர் பெட்டியைத் திறக்காமலே பஸ்ஸில் உட்கார்ந்து பத்து ஸ்லைடுக்கும் ‘நன்று’ என்று எழுதிவிட்டார். அவர் வீட்டுக்குப் பெட்டி போவது நின்றுவிட்டது. இன்றைக்கும் டாக்டரிடம் பல்லைக் காட்ட வருகிறார், பெட்டியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

அன்று பிரச்சினைக்குரிய படிக்கட்டு, தையல் கடை அக்கா எடுத்தது. சுற்றில் அக்காவுக்கு அடுத்த ஆள் நான். என் அரைப் பக்கத்துக்குக் கீழே மற்றவர்கள் எழுதியதை டாக்டர் வரிசையாகப் படித்தார்.

“‘இரண்டு படமும் ஒன்றே.’ ‘தட்டை.’ ‘அக்கா, கேமராவை நகர்த்தவில்லையா?’ ‘தட்டை.’ ‘இரண்டும் இடது கண் படம்.’ இது நீங்க எழுதினது,” என்று கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தார். “‘என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் இதைவிட ஆழம் உண்டு.’”

“உண்மையத்தானே எழுதினேன்.”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன் டாக்டர். இடது படம் எடுத்தேன், மேல இருந்து மாமியார் கூப்பிட்டாங்க, இதோ வர்றேன்னு சொல்லிட்டு நகர்த்தாமலே அடுத்ததையும் அமுக்கிட்டேன் போல. ஒட்டின பிறகு வியூவர்ல போட்டுக்கூடப் பார்க்கல. பெட்டி கிளம்பணுமேன்னு வச்சு அனுப்பிட்டேன்.”

“அது பரவாயில்லம்மா, எல்லாரும் பண்றதுதான்,” என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். நோயாளி வாயைத் திறந்ததும் அவர் முகத்தில் வருகிற அதே பொறுமை. “ஆழமே இல்லாத படத்துல தம்பி முழங்கை வரைக்கும் கைய விட்டிருக்காரே, அதுதான் எனக்குப் புரியல.”

எனக்குப் புரிந்தது. எட்டு மாதமாகவே புரிந்திருந்தது.

சின்ன வயதில் எனக்கு மாறுகண். ஒன்பது வயதில் அறுவை செய்து நேராக்கினார்கள். கண்கள் நேராயின, சமாதானம் ஆகவில்லை. இரண்டுக்கும் பார்வை நன்றாகவே இருக்கிறது; ஆனால் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் அண்ணன் தம்பி மாதிரி, ஒன்று பார்த்தால் மற்றது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனக்கு ஆழம் என்பது கிடையாது. கிடையாது என்பதே தெரியாமல் இருபத்து நாலு வயது வரை ஓட்டிவிட்டேன். ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நாவலில், பனி கொட்டும் ஊரில் ஒரு பியானோ ஆசிரியை மாலை வேளைகளில் இரட்டைப் படம் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். நானும் பெருமூச்சு விட வேண்டும் என்று தேடிப்பிடித்து இந்தக் கூட்டத்துக்கு வந்தேன். டாக்டர் என் கையில் வியூவரைக் கொடுத்தார். உள்ளே ஒரு பூந்தொட்டி. முதலில் இடது, பிறகு வலது, பிறகு இடது; இரண்டும் சேரவே இல்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஆகா,” என்றேன்.

அந்த ‘ஆகா’வுக்குத்தான் இத்தனை நாளும் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். முதலில் மற்றவர்களும் நடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். நான் படிக்கிற நாவல்களில் பாதி எனக்குப் புரிவதில்லை, தலையாட்டிக்கொண்டே படித்துவிடுவேன். இதுவும் அந்த ரகம் என்று இருந்துவிட்டேன். போன வருடக் கடைசியில் பள்ளிக்கூட ஹாலில் அறுபது பேர் அட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, திரையில் ஒரு மரக்கிளை நீண்டது. ஹாலே ஒருசேரக் குனிந்தது. நான் ஒரு நொடி தாமதமாகக் குனிந்தேன். அப்போதுதான் இவர்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

அன்றே விலகியிருக்கலாம். ஆனால் நோட்டு இருந்ததே. பகல் முழுவதும் லிஃப்ட் கம்பெனியில் போனை எடுத்து, “எத்தனையாவது மாடியில நிக்குது சார், உள்ள எத்தனை பேர்?” என்று கேட்பவன் நான். நான் எழுதியதை இந்த உலகத்தில் பத்துப் பேர் படிக்கிறார்கள், அதுவும் உரக்கப் படிக்கப்படுகிறது என்றால் அது அந்த நோட்டில் மட்டும்தான். பெட்டி நின்றால் என் வாசகர் வட்டம் அம்மாவோடு முடிந்துவிடும். அவளும் மளிகைப் பட்டியலை மட்டும்தான் கவனமாகப் படிப்பாள்.

“பார்க்காமலா எழுதினீங்க தம்பி?” என்று டாக்டர் கேட்டார்.

“பார்த்தேன் டாக்டர். ரெண்டு நாள் பார்த்தேன்.”

“பார்த்தா தட்டைன்னு தெரிஞ்சிருக்குமே.”

“கவிஞருக்கு ஆழம் உள்ளுக்குள்ள இருக்கும் போல,” என்றார் கண்ணாடிக் கடைக்காரர். “வெளிய என்னத்தைக் காட்டினாலும் சரிதான்.”

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். இடது, வலது இரண்டு கறுப்புத் தாளிலும் பல் குத்தும் ஊசியால் அவரே ஒரே மாதிரி இருபது ஓட்டை போட்டு வைத்திருப்பது. ஒன்றை மட்டும் வலது பக்கப் படத்தில் மயிரிழை தள்ளிக் குத்தியிருப்பார். வெளிச்சத்துக்கு எதிரே வியூவரில் வைத்துப் பார்த்தால் அது மட்டும் முன்னால் வந்து மிதக்குமாம். “எது மிதக்குதுன்னு சொல்லுங்க, போதும்.”

பூந்தொட்டி, நாற்காலி என்றால் சமாளிப்பேன். எது எதை மறைக்கிறது, எது பெரிது, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, எது முன்னால், எது பின்னால் என்று கணக்குப் போட்டுவிடலாம். அதில் எனக்குப் பட்டமே தரலாம். இருபது ஓட்டையில் எதுவும் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டின.

“நடுவுல இருக்கறது,” என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

“கீழ் மூலை.”

இன்னும் ஒரு வாக்கியம் பொய் சொல்லலாமா என்று யோசித்தேன், கைவசம் நல்லதாக ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டேன். மாறுகண், அறுவை, அண்ணன் தம்பி, பூந்தொட்டி, தாமதமாகக் குனிந்தது எல்லாவற்றையும். பியானோ ஆசிரியையை மட்டும் விட்டுவிட்டேன். மனிதனுக்குக் கொஞ்சமாவது மானம் வேண்டும்.

முதலில் பேசியது கண்ணாடிக் கடைக்காரர். “ஸ்கூட்டர் ஓட்டுறீங்களா?”

“ஓட்டுறேன்.”

“எந்த ரோட்டுலன்னு சொல்லிடுங்க. நான் வேற வழியாப் போயிக்கிறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கடைப்பக்கம் ஒரு நாள் வாங்க தம்பி. சரியாகாது, ஆனாலும் பார்க்கலாம்.”

அக்கா சிரிக்கவில்லை. “எட்டு மாசமா நீ எழுதினதை வீட்டுல வாசிச்சுக் காட்டிட்டு இருந்தேன்டா. பெட்டி எங்கிட்ட வரும்போதெல்லாம். மாமியாருக்கு, நாத்தனாருக்கு. ‘உன் படத்துல அவ்ளோ ஆழமாடி’ன்னு அவங்க கேட்பாங்க. நான் தலையாட்டுவேன். அந்தக் கிணத்துப் படத்தைப் பத்தி எழுதினியே, ‘கல் போட்டால் சத்தம் கேட்க ஒரு வயது ஆகும்’னு. அதுவும் கப்சாவா?”

“கிணறுன்னு தெரிஞ்சுதுக்கா. ஆழமா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.”

“நல்லா நினைச்சே.”

இதற்கு அவள் திட்டியிருந்தால் தேவலை. பெட்டியிலிருந்து படிக்கட்டு ஸ்லைடை எடுத்து வியூவரில் செருகி என் மடியில் வைத்தாள். “இப்ப இதைப் பாரு. இந்த ஒரு படத்துல நாங்களும் உன்னை மாதிரிதான், யாருக்கும் ஆழம் கிடையாது. எழுதினதை விட்டுடு. உனக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லு.”

வியூவரைக் கண்ணில் வைத்தேன். உவமை எதுவும் வரவில்லை. பயத்தில் அவை எல்லாம் வெளியே போய்விட்டிருந்தன.

“ஏழு படி. நாலாவது படில பெயிண்ட் உரிஞ்சிருக்கு. கைப்பிடிக் கம்பியோட நிழல் சுவர்ல விழுது. கீழ ஒரு பச்சை பக்கெட். பக்கெட்டோட கைப்பிடி மேல நிக்குது.” பார்வை வலது கண்ணுக்கு மாறியது. “இப்ப விழுந்து கிடக்கு.”

“என்ன இப்ப?”

“இடது பக்கம் நிக்குது. வலது பக்கம் விழுந்திருக்கு.”

கண்ணாடிக் கடைக்காரர் வியூவரைப் பிடுங்கினார். ஒரு கண்ணை மூடினார், பிறகு அடுத்ததை. “அட ஆமா. அங்க ஏதோ மினுமினுன்னு இருந்துச்சு. ஃபிலிம்ல தூசின்னு நினைச்சேன்.”

“கொடுங்க இங்க,” என்றார் டாக்டர்.

அதன் பிறகு கால்மணி நேரம் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. வியூவர் கை மாறிக்கொண்டே இருந்தது. இரண்டு படத்துக்கும் நடுவில் எத்தனை வினாடி போயிருக்கும், கைப்பிடி தானாக விழுந்ததா, அக்கா திரும்பும்போது கால் பட்டதா, அப்படியானால் ‘இரண்டும் ஒன்றே’ என்று எழுதியவர்கள் எல்லாம் திருத்திக்கொள்ள வேண்டுமா என்று பெரிய வழக்கு நடந்தது. என் வாழ்க்கையின் ஒரே வாக்குமூலத்தை ஒரு பிளாஸ்டிக் பக்கெட் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. நான் படித்த நாவல்களில் வாக்குமூலத்துக்குப் பிறகு மழை பெய்யும், குறைந்தபட்சம் யாராவது ஜன்னலருகே போய் நிற்பார்கள். இங்கே பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது. ஒன்று எடுத்துக்கொண்டேன்.

டீ முடிந்ததும் டாக்டர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். அடுத்த சுற்றின் வரிசையை எழுதும் நேரம்.

“பார்க்காம எழுதினா பெட்டி நிக்கும். விதி அதுதான்,” என்றார்.

“பார்த்தான் டாக்டர்,” என்றாள் அக்கா. “பார்த்துட்டு வேற எதையோ எழுதிட்டான்.”

“அது இன்னும் மோசம் இல்லையாம்மா? பார்க்காதவன் சோம்பேறி. இவர் பார்த்தும் நம்மளை ஏமாத்தியிருக்காரு. உங்க ஸ்லைடு போன வருஷம் திரைக்குப் போனதே இவர் எழுதினதை நம்பித்தான்.”

“அது நல்ல ஸ்லைடு,” என்றார் கண்ணாடிக் கடைக்காரர். “அது என்னமோ நிஜம். ஆனா ஒண்ணு. ஆழமே தெரியாத ஆளுக்கு ஆழப் படத்தை அனுப்புறதுல கூரியர்காரனைத் தவிர யாருக்கு லாபம்?”

டாக்டர் பேனா மூடியைக் கழற்றி, வரிசையின் முதல் இடத்தில் தன் பெயரை எழுதினார். இரண்டாவதாக அக்காவின் பெயர். மூன்றாம் எண்ணைப் போட்டுப் புள்ளி வைத்துவிட்டு, பேனாவைத் தூக்காமல் நின்றார். வழக்கமாக அது என் இடம். வாயில் பிஸ்கட்டோடு மன்றாடக் கூடாது என்று அவசரமாக விழுங்கினேன்.

“டாக்டர், கடைசியாப் போட்டாலும் பரவாயில்லை,” என்றேன். “ஆழத்தைப் பத்தி இனிமே ஒரு வரிகூட எழுத மாட்டேன். இடது கண்ணுக்கு என்ன தெரியுது, வலது கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு மட்டும் எழுதுறேன். பெட்டியை எனக்கும் அனுப்புங்க.”